அவளுக்கென்று வைத்த ஜன்னல்

அந்த ஜன்னலை வைத்து முடிக்க மேசனுக்கு அரைநாள்கூடத் தேவைப்படவில்லை, மக்காள். காலையில் சுவரை உடைத்தான், பகல் சாப்பாட்டுக்கு முன் நிலையை இறுக்கினான், கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான். ஸுஹைனா அதைக் கேட்கத் தொடங்கியது கலியாணம் முடித்த முதல் வருஷம். இப்போது அவளுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

காத்தான்குடியில் ஆற்றங்கரையை ஒட்டிய வீடு அது. புத்தகத்தில் வாவி என்று எழுதுவார்கள். கரையில் இருக்கிறவர்களுக்கு அது ஆறுதான். ஸுஹைனாவின் வாப்பா அவளுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்த வீடு. அவர் சூறாவளியைக் கண்ட மனுஷன். ஆற்றுப் பக்கச் சுவரில் எலி போகிற ஓட்டைகூட வைக்கவில்லை. அரிசி களையும்போதும் மீன் கழுவும்போதும் அவள் பார்த்ததெல்லாம் புகை ஏறிய அந்தச் சுவரைத்தான். ஆறு அதற்கு அப்பால் கிடந்தது.

“இவடத்த ஒரு ஜன்னல் வெச்சுத் தாங்க” என்று புருஷன் நளீரிடம் கேட்டாள்.

“ஓம் ஓம், கட்டாருக்குப் போய்ட்டு வந்து வெப்பம்.”

போய்விட்டு வந்தார். “உப்புக் காத்து அடிக்கும் புள்ள, சாமானெல்லாம் துருப்பிடிச்சிரும்” என்றார். மறுமுறை, பெருநாள் முடியட்டும் என்றார். பெருநாள்களுக்கா பஞ்சம்? வந்து வந்து முடிந்தன.

பிள்ளைகள் மூன்றும் ஆண். ஊர் வழக்கப்படி மூன்று பேரும் பெண் வீட்டில் போய்க் குடியேறிவிட்டார்கள். வீட்டைக் கொடுக்க ஒரு பெண்பிள்ளை இல்லை. மாரி காலத்தில் வெள்ளம் வாசற்படி ஏறுகிறது, நளீரின் முழங்காலோ ஏற மறுக்கிறது. மூத்தவன் இருக்கிற தெருவில் ஒரு சின்ன வீட்டைப் பேசி வைத்து, இதை விற்கலாம் என்று முடிவு செய்தார்கள். ஸுஹைனாவும் மனதோடுதான் சம்மதித்தாள். வீட்டு உறுதிப் பத்திரம் அவள் பெயரில். அவள் கையெழுத்து வைக்காமல் அந்த வளவின் மண்ணைக்கூட யாரும் விற்க முடியாது.

புறோக்கர் பாறூக் வந்தார். சுவர்களைத் தட்டிப் பார்த்தார், குழாய்களைத் திறந்து மூடினார், குசினிக்குள் வந்து நின்று நாக்கைச் சப்புக்கொட்டினார்.

“நளீர் காக்கா, வீடு பாக்க வாறது வாப்பாமார், ஓம் எண்டு சொல்றது உம்மாமார். எல்லாம் மகளுக்குக் குடுக்கத்தானே வாங்குற. அதால குசினியத் திருத்துங்க. இந்த சிங்க் குனிஞ்சு குனிஞ்சு முதுகு போயிரும், உசத்துங்க. இந்தச் சுவருல ஒரு ஜன்னலப் போட்டீங்கெண்டா புதுப் பொண்ணு ஆத்தப் பாத்துப் பாத்துச் சமைப்பா. ஒரு கோடி யோசிக்காமக் கேக்கலாம்.”

“அட, நல்ல யோசன!” என்றார் நளீர்.

தேத்தண்ணீர் கொண்டுவந்த ஸுஹைனா கதவடியில் நின்றாள். நல்ல யோசனையாம். முப்பத்துச் சொச்சம் வருஷம் அவள் வாயில் கிடந்து புளித்துப் போன யோசனை, பாறூக்கின் வாயிலிருந்து வரும்போது புதிதாக மணத்தது.

ஜன்னல் வந்தது. சிங்க் உயர்ந்தது. அவள் முதல்முறையாகக் குனியாமல் நின்று கோப்பை கழுவினாள். எதிரே ஆறு. தண்ணீரோரக் கண்ணா மரத்தடியில் ஒருவன் தோணியில் நின்று வலை வீசினான். வலை வட்டமாக விரிந்து தண்ணீரில் விழுந்தது. இவ்வளவு அழகு இத்தனை நாளும் இந்தச் சுவருக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்ததா? அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. வயிறு எரிந்தது. இன்னும் யாரென்றே தெரியாத, பெயர் தெரியாத, முகம் தெரியாத ஒருத்திமேல் எரிந்தது. அவளுக்கு இருபது வயதிருக்கும். முதுகு வலி என்றால் என்னவென்று தெரியாது. அவள் இங்கே வந்து நிற்பாள், இந்த வலை அவளுக்காக விரியும்.

நளீர் இரண்டு மாபிள் துண்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“இஞ்ச பாரு, எந்தக் கலர் அவவுக்குப் புடிக்கும்?”

“எவவுக்கு?”

“வாங்கப் போற புள்ளைக்கு.”

“என்ட புடிப்ப ஒருநாள் கேட்டிருப்பீங்களா நீங்க?”

“நீ இஞ்சதானே இரிக்காய்!” என்றார் அவர், ஒன்றும் விளங்காமல்.

அன்றுதான் ஸுஹைனா விலையைக் கையில் எடுத்தாள். “ஒரு கோடிக்கு நான் குடுக்க மாட்டன். ஒரு கோடி பத்து லச்சம் சொல்லுங்க.” மாபிள் பதித்தபோது ஒன்று பதினைந்து ஆனது. கதவுகளுக்குப் பெயின்ட் காய்வதற்குள் ஒன்று இருபத்தைந்து.

“இது என்ன, மீன் ஏலமா?” என்று நளீர் தலையில் கை வைத்தார். “அந்த வெலைக்கு எவன்கா வாங்குவான்?”

“வாங்காட்டிப் போகட்டும்.”

வாங்காமல் போகட்டும் என்பதுதான் அவள் எண்ணம். ஆனால் அவர்கள் பேசி வைத்த சின்ன வீட்டின் சொந்தக்காரர் பணத்துக்குக் கெடு வைத்துக்கொண்டிருந்தார். இது விற்காவிட்டால் அதுவும் போய்விடும் என்று அவளுக்கும் தெரியும்.

வீடு பார்க்க ஸாதியா என்ற உம்மா, மகள் நிஸ்றாவோடு வருகிறாள் என்று பாறூக் சொல்லியனுப்பினார். ஸுஹைனா காலையிலேயே எழும்பி, அறைக்குள் நின்ற பழைய அலுமாரியைத் தனியாளாக இழுத்து வந்தாள். குசினி ஜன்னலை மறைத்து நிறுத்தினாள். மூச்சு வாங்கியது. அலுமாரிக்கு மேல் இரண்டு பெரிய சட்டிகளையும் கவிழ்த்து வைத்தாள். மேல் இடுக்கால் வந்த வெளிச்சமும் நின்றது.

பாறூக் முன்னே வந்து கையை நீட்டினார். “இதுலதான் அந்த ஜன்ன…” அலுமாரியைக் கண்டதும் கை அந்தரத்தில் நின்றது. “ராத்தா, இது என்ன?”

“சாமான் வெக்க இடமில்ல தம்பி.”

ஸாதியா முகத்தைச் சுளித்தாள். “ஜன்னலா? ஆத்துப் பக்கமா? தோணியில போற வாறவனெல்லாம் குசினிக்குள்ள பாப்பானே! அது பிரச்சின இல்ல, நாங்க அடைச்சிருவம்.”

மகள் நிஸ்றா வாசலில் சாய்ந்து நின்று போனில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். அலுமாரியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அடைத்துவிடுவார்களாம். மக்காள், பொறாமை இத்தோடு ஆறியிருக்க வேண்டும் அல்லவா? பறிக்க வருகிறாள் என்று நினைத்தவள் வேண்டாம் என்கிறாள். ஆனால் ஸுஹைனாவுக்கு அதுதான் அதிகமாகச் சுட்டது. கேட்காமலே கிடைக்கிறது, அதை வேண்டாமென்று தள்ளவும் முடிகிறது. அப்படித் தள்ளுகிற கொழுப்பு தனக்கு ஒரு நாளாவது இருந்ததா?

விலை பேசினார்கள். ஒன்று இருபத்தைந்து என்றதும் ஸாதியா எழும்பிவிட்டாள். பாறூக் இருத்தினார். நளீர் கண்ணால் கெஞ்சினார். இறங்கி இறங்கி ஒரு கோடியே ஐந்து லட்சத்தில் வந்து நின்றது. எல்லோரும் ஸுஹைனாவின் முகத்தைப் பார்த்தார்கள்.

“சரி” என்றாள். “ஆனா ஜன்னல நான் கழட்டிட்டுப் போவன்.”

“என்ன ராத்தா, பகிடியா?” என்றார் பாறூக்.

“அவங்க அடைக்கத்தானே போறாங்க. நிலையும் கதவும் எனக்கு. இல்லாட்டி நான் நொத்தாரிசிட்டக் கையெழுத்து வெக்க வரமாட்டன்.”

“கொண்டு போங்க, கொண்டு போங்க” என்று ஸாதியா சிரித்தாள். “எங்களுக்குக் கழட்டுற கூலி மிச்சம்.”

அதே மேசன் வந்தான். தான் வைத்ததைத் தானே கழற்றும்போது நளீரைப் பார்த்து ஒரு மாதிரிச் சிரித்தான். சுவரில் ஓட்டை மட்டும் நின்றது. அலுமாரியும் புது வீட்டுக்குப் போய்விட்டது.

புது வீட்டுக் குசினியில் ஜன்னலை வைத்தார்கள். திறந்தால் கை எட்டுகிற தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர். பாசி பிடித்த சுவர், அதில் ஒரு தண்ணீர்க் குழாய், குழாயில் சிலவேளை ஒரு காகம். ஸுஹைனா தினமும் காலையில் அதை அகலத் திறந்து வைப்பாள்.

“என்ன தெரியுது?” என்பார் நளீர்.

“சுவரு தெரியுது. ஆனா ஜன்னல் என்ட.”

சிலவேளை அந்தப் பாசியைப் பார்த்துக்கொண்டே, அங்கே இந்நேரம் கல் வைத்து அடைத்திருப்பார்கள் என்று நினைப்பாள். எனக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை. அந்த நினைப்பில் கறி நன்றாகக் கொதிக்கும்.

நிஸ்றாவின் கலியாணம் முடிந்தது. ஸாதியா வீடு வாங்கிய பழக்கத்தை விடாமல் ஒரு சட்டி நிறையச் சாப்பாடு அனுப்பியிருந்தாள். சட்டியை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று ஸுஹைனா வட்டிலாப்பம் செய்து நிறைத்துக்கொண்டு அஸர் தொழுதுவிட்டுப் போனாள்.

“வாங்க மாமி, உள்ளுக்கு வாங்க!” நிஸ்றா கையைப் பிடித்து நேரே குசினிக்கே கூட்டிக்கொண்டு போனாள்.

சுவர் நிறையக் கண்ணாடி. ஸுஹைனாவின் ஜன்னலைப்போல் இரண்டு மடங்கு. தள்ளித் திறக்கிற மாதிரி. ஆறு முழுவதும் குசினிக்குள் வந்து நின்றது.

“உம்மா அடைக்கத்தான் சொன்னா” என்றாள் நிஸ்றா. “வந்து பாத்தா, நீங்க கழட்டின ஓட்டையால ஆறு தெரியுது. நான் விடல்ல மாமி. முந்தி இதுல அலுமாரிதானே நிண்ட? நீங்க கழட்டாட்டி எனக்குத் தெரிஞ்சே இரிக்காது.”

ஸுஹைனா சட்டியைக் கீழே வைத்தாள். “ஆரு போட்டுத் தந்த?”

“அவருதான். ஒருக்காச் சொன்னன், அடுத்த கிழமை ஆள் கொண்டு வந்துட்டார்.”

“ஒருக்காவா?”

“ஓம் மாமி, ஒருக்காத்தான்.”

வெளியே தோணிக்காரன் வலையைக் கையில் மடித்து எடுத்துக்கொண்டிருந்தான். சிங்க்குக்குள் தேத்தண்ணீர்க் கோப்பைகள் கிடந்தன. ஸுஹைனா முந்தானையை இழுத்துச் செருகினாள், குழாயைத் திறந்தாள்.

“ஐயோ மாமி, விடுங்க, நான் கழுவுறன்!”

“இரி புள்ள.”

ஒரு கோப்பையை எடுத்தாள். உள்ளே தேய்த்தாள், வெளியே தேய்த்தாள், அடியைத் திருப்பித் தேய்த்தாள். வலை விரிந்தது, விழுந்தது. அடுத்த கோப்பை. நிஸ்றா பின்னால் நின்று அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தாள். ஸுஹைனாவின் அகலமான முதுகு தோணியையும் வலையையும் மறைத்துக்கொண்டு நின்றது. அந்தப் பிள்ளையின் முகம் மெல்லச் சிறுத்துக்கொண்டு வந்தது.

“மாமி, முடிஞ்சிதா?”

“கொஞ்சம் பொறு மகள்” என்றாள் ஸுஹைனா, கழுவி வைத்த முதல் கோப்பையைத் திரும்பவும் கையில் எடுத்துக்கொண்டே. “இதுல கறை போகல்ல.”