நாலாவது நிமிடத்தில் ஒரு செருமல்

பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்த அந்த மனிதரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. நியூ பிரன்ஸ்விக்கில் ஒரு சின்ன கிளப்பில் என் மகள் பாடி முடித்ததும் நேரே அவர் மேசைக்குப் போய், உடம்பு சரியில்லையென்றால் வீட்டில் படுத்துக் கிடக்க வேண்டியதுதானே, இங்கே வந்து எதற்கு இருமுகிறீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டேன். தான் இருமவே இல்லை என்றார். நான் நம்பவில்லை. அவர் மனைவியையும் சேர்த்து நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் என் நாற்காலிக்குத் திரும்பினேன்.

கேட்காமல் என்ன செய்வது? அந்த ஒரு இருமலில் என் மகளின் ஆல்பமே போயிற்று என்று நினைத்தேன்.

என் மகள் மலீஹா ஜாஸ் பாடகி. காபரேயும் பாடுவாள். காபரே என்றதும் நம் ஊர் சினிமாவில் வரும் ஆட்டத்தை நினைக்க வேண்டாம். நாலைந்து மேசைகளுக்கு நடுவே நின்று, கதை சொல்லி, சிரிக்கவைத்து, அழவைத்துப் பாடுவது அது. எங்கள் மஸ்ஜிதில் ஒரு பெரிய மனிதருக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை. பதினோரு வருடம் முன்பு அவளுடைய முதல் ரெக்கார்டின் அட்டையைப் பார்த்துவிட்டு, "என்ன ஜைனுதீன் பாய், பொண்ணு காபரேயாமே?" என்று என் கணவரிடம் கேட்டாராம். அவ்வளவுதான். இவர் வீட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், படுத்தார். அதற்குப் பிறகு பதினோரு வருடம் அவளுடைய பாட்டைப் பற்றி இந்த வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் வந்தால் உடம்பை விசாரிப்பார், கார் டயரைப் பார்ப்பார், பாட்டை மட்டும் கேட்க மாட்டார். மனிதரா கல்லா என்று நான் எத்தனையோ முறை கத்தியிருக்கிறேன். கல்லாவது வெயிலில் சூடாகும்.

அந்த முதல் ரெக்கார்டைப் போட்ட கம்பெனி இரண்டே வருடத்தில் மூடிவிட்டது. இரண்டாவதைக் கொரோனா சமயத்தில் தன் வீட்டுத் துணி அலமாரிக்குள் நின்றுகொண்டு அவளே பதிவு செய்தாள். போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருந்தது. யாரும் வாங்கவில்லை. இப்போது அவளுக்கு வயது முப்பத்தெட்டு. கார்லா என்று ஒரு பெண்மணி, சின்ன ரெக்கார்டு கம்பெனி வைத்திருப்பவள், மூன்றாவதுக்கு ஒத்துக்கொண்டாள். ஒரே ஒரு நாள், கிளப்பில் ஆட்கள் முன்னால், இரண்டு காட்சி. ஸ்டுடியோவில் மறுபடி பாடி ஒட்டுவது கிடையாது. அன்றைக்குக் கிடைத்தது கிடைத்ததுதான்.

"உம்மா, திஸ் இஸ் இட். இதுவும் போச்சுன்னா நான் ஃபுல் டைமா டீச் பண்ணப் போறேன்" என்றாள் மலீஹா.

ஆல்பத்துக்குப் பெயரே அவள் எழுதிய ஒரு பாட்டின் பெயர்தான். விட்டுப் போகிற ஒருவனிடம் ஒரு பெண் சொல்கிறாள்: போகிறதென்றால் போ, கதவை மட்டும் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போ. கடைசி வரிக்குப் பியானோ கிடையாது. அவள் குரல் மட்டும் தனியாக நிற்கும். முதல் காட்சியில் அந்த வரி வந்தபோது சர்வர் பெண் கண்ணாடித் தம்ளர்களைத் தட்டோடு போட்டாள். ஆகவே மிச்சம் இருந்தது இரண்டாவது காட்சி ஒன்றுதான். அதிலும் அதே வரியின் நடுவில் பின்னாலிருந்து யாரோ இருமினான். மலீஹா பாதியில் நின்றுவிட்டாள். மூன்று செகண்ட் கழித்து அந்த வரியை முதலிலிருந்து எடுத்துப் பாடி முடித்தாள். கைதட்டல் ஓயவில்லை. நான் பின் மேசையில் இருந்த அந்தப் பச்சை ஸ்வெட்டரைத் தேடிக்கொண்டு போனேன்.

பத்து நாள் கழித்துப் பாட்டை எனக்கு ஃபோனில் அனுப்பினாள். இவர் இருக்கும்போது வீட்டில் அவள் பாட்டைப் போடும் வழக்கம் இல்லை. கராஜில் காருக்குள் உட்கார்ந்து சத்தமாக வைத்துக் கேட்டேன். நாலாவது நிமிடத்தில் அது வந்தது.

முதலில் சின்னதாக ஒரு 'ம்'. கொஞ்சம் இடைவெளி. பிறகு பெரிதாக 'க்கும்'.

யா அல்லாஹ்! இருமலா அது? நாற்பத்தோரு வருடமாக நான் கேட்கிற சத்தம் எனக்குத் தெரியாதா?

நாகூரில் என் கணவர் வீட்டில் ஆண்கள் யாரும் சும்மா உள்ளே நுழைய மாட்டார்கள். பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள், முக்காடு சரியாக இருக்காது, எனவே வாசலிலேயே ஒரு தடவை தொண்டையைச் செருமிவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பார்கள். நல்ல பழக்கம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த மனிதர் அதைக் கடல் தாண்டி எங்கள் பிரிட்ஜ்வாட்டர் வீட்டுக்கும் கொண்டுவந்தார். வீட்டில் இருப்பது கட்டின பெண்டாட்டியும் பெற்ற மகளும். அதற்கும் செருமுவார். டாக்டர் ரூமுக்குள் போகும்போது செருமுவார். காலியான கராஜுக்குள் போகும்போதும் செருமுவார். அன்றைக்கு அந்த கிளப்பின் பின் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரும்போதும் செருமியிருக்கிறார்.

முழங்கால் வலி, ட்ரைவ் பண்ண முடியாது, நீ போய்ட்டு வா என்று எனக்கு ஸலாம் சொல்லி அனுப்பிய மனிதர்!

ஹாலுக்கு ஓடினேன். காலை நீட்டி உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். டிவியை அணைத்தேன்.

"கிளப்புக்கு வந்தீங்களா?"

நீட்டிய காலை மடக்கிக்கொண்டார்.

"வந்தீங்களா இல்லியா? ஒரு பாவப்பட்ட வெள்ளக்காரன அவன் பொண்டாட்டி முன்னாடி வெச்சு வாங்கிட்டு வந்திருக்கேன். வாயத் தொறங்க!"

"வந்தேன்" என்றார். "நீ கெளம்பினப்புறம் மனசு கேக்கல. பார்க்கிங் கெடைக்கல, லேட் ஆயிடுச்சு. கதவத் தொறந்தேன். பழக்கத்துல செருமிட்டேன். அவ நின்னுட்டா. கதவச் சாத்திட்டேன் கமரு. அப்படியே திரும்பி வந்துட்டேன்."

"பதினோரு வருஷம் வராதவரு, வந்த அன்னிக்கு அந்த வரியிலதானா வரணும்?"

அப்போதுதான் ஃபோன் அடித்தது. மலீஹா. ஸ்பீக்கரில் போட்டேன். இவரும் கேட்கட்டும் என்றுதான்.

"உம்மா, கேட்டீங்களா? தட்ஸ் வாப்பா, ரைட்?"

"ஆமாடீ. வாப்பாதான்."

"கார்லா, வேணும்னா அந்த சவுண்ட எரேஸ் பண்ணிடலாங்கறா. பட் நான் நின்னத எரேஸ் பண்ண முடியாது. ஷீ லவ்ஸ் இட். அப்படியே வெச்சுக்கலாங்கறா. ஐ கான்ட், உம்மா. நான் அந்தப் பாட்டையே ஆல்பத்துலேர்ந்து எடுக்கச் சொல்லப் போறேன். அது இல்லன்னா ஆல்பமே இல்ல. ஃப்ரைடேக்குள்ள அவகிட்ட சொல்லணும். ஐம் தர்ட்டி எய்ட். அந்தச் சத்தம் கேட்டதும் ஒன்பது வயசுப் புள்ள மாதிரி வாய மூடிட்டேன். ஐ ஹேட் தட். அதப் போய் எல்லாரும் கேக்கணுமா?"

வைத்துவிட்டாள். நான் இவரைப் பார்த்து, "கேட்டீங்கல்ல? சந்தோஷமா? சின்ன வயசுலேர்ந்து அவ வாய அடைச்சு அடைச்சு, இப்ப மொத்தமா அடைச்சாச்சு" என்று கத்தினேன்.

இவர் என்னையே பார்த்தார். இவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது குறைவு. அன்றைக்குப் பார்த்தேன்.

"நான் எப்ப அவளப் பாடாதேன்னு சொன்னேன்? சொல்லு. ஒரு தடவ?"

"நீங்க..."

"நான் செருமிட்டு உள்ள வருவேன். வீடு அமைதியா இருக்கும். அவ புக்க வெச்சுட்டு உக்காந்திருப்பா. அவளுக்குப் பாட வருங்கறதே அந்த ரெக்கார்டு வந்தப்பதான் எனக்குத் தெரியும். ஊர்க்காரன் அட்டையக் காட்டி நான் தெரிஞ்சுக்கறேன். பெத்தவன் நான். என் வீட்டுல எனக்கு மட்டும் தெரியல. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவளக் கேக்கறது?"

சின்ன வயதில் அவள் சமையலறையில் பாடும்போது, செருமல் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஷ்ஷ், வாப்பா வர்றாங்க, நிறுத்து" என்று சொன்னது யார்? நான்தான். அவர் சொல்லவில்லை. நான் அவரிடம் கேட்கவும் இல்லை. என் மாமியார் வீட்டில் அப்படித்தான் என்று நானாகவே நினைத்துக்கொண்டு, பத்து வருடம் தினமும் சாயங்காலம் அந்தப் பிள்ளையின் வாயைப் பொத்தினேன். பழியை அவர் தலையில் போட்டுவிட்டு, அவளுக்காகச் சண்டை போடுகிற நல்ல உம்மாவாக இத்தனை நாளும் திரிந்தேன். எனக்கு என் மேல் வந்த கோபத்துக்கு அந்த டிவி ரிமோட்டை எறிந்தேன். பேட்டரி சோஃபாவுக்கு அடியில் ஓடியது.

அதற்காக இவரை விட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தெரியாமல் இருந்தது என் தப்பு. தெரிந்தபிறகு பதினோரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது இவர் தப்பு.

"எழுந்திரிங்க. சட்டையப் போடுங்க" என்றேன்.

"எங்க?"

"ஜெர்சி சிட்டிக்கு, அவ வீட்டுக்கு. நான் ட்ரைவ் பண்றேன்."

வழி முழுக்கத் திட்டிக்கொண்டே ஓட்டினேன், அவரைப் பாதி, என்னைப் பாதி.

மலீஹா இருப்பது மூன்றாவது மாடி. லிஃப்டை விட்டு இறங்கும்போதே குரல் கேட்டது. அதே பாட்டு, பாதியில் போய்க்கொண்டிருந்தது. கதவருகில் போனோம். இவர் நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுத்தார். எனக்குப் புரிந்துவிட்டது. சட்டென்று அவர் வாயை என் கையால் பொத்தினேன். மீசை உள்ளங்கையில் குத்தியது.

அப்படியே நின்றோம். நாய்க்குட்டியைக் கூட்டிக்கொண்டு போன ஒரு பெண் எங்களை ஒரு மாதிரி பார்த்தாள். பார்க்கட்டும். உள்ளே கடைசி வரி வந்தது. கதவை மட்டும் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போ. இடையில் யாரும் நிறுத்தவில்லை. பாடி முடித்தாள். என் கை நனைந்திருந்தது. இவர் அழுதுகொண்டிருந்தார்.

கையை எடுத்தேன். "இப்ப செருமுங்க" என்றேன்.

வேண்டாம் என்று தலையாட்டினார்.

"செருமுங்கன்னா செருமுங்க."

"ம்... க்கும்."

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த அமைதி அது. கதவை உடைத்துவிடலாமா என்று தோன்றியது.

அப்புறம் அந்தக் கடைசி வரி மறுபடி கேட்டது. இந்தத் தடவை சத்தமாக. பக்கத்தில் வந்தது. தாழ்ப்பாள் விலகியது. பாடிக்கொண்டேதான் கதவைத் திறந்தாள். வாப்பாவின் முகத்துக்கு நேரே நின்று, கண்ணை எடுக்காமல், வரி முடிகிறவரைக்கும் பாடினாள்.

பிறகு சொன்னாள், "கார்லாகிட்ட அத எடுக்காதேன்னு சொல்லப் போறேன், வாப்பா. நீங்க செருமினது, நான் நின்னது, எல்லாம். எவ்ரிபடி வில் ஹியர் இட். ஓகேயா?"

இவர் பதில் சொல்வதற்கு முன்னால் பழக்கத்தில் தொண்டையைச் செருமினார்.

"செருமினது போதும்! வாயத் தொறந்து சொல்லுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

"இருக்கட்டும்" என்றார். உள்ளே போய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "மொதல்லேர்ந்து பாடும்மா. நான் ஒரு தடவகூட ஆரம்பத்தக் கேக்கல."