டயகம ரோட்டில் போனவள்

யூஜினாவின் ஸ்கூட்டர் களவு போனது ஒரு புதன்கிழமை. டீச்சரான அவளுக்கு அன்று ஹட்டனில் வலயக் கல்விக் காரியாலயத்தில் ஒரு வேலை இருந்தது. அக்கரப்பத்தனைக்குக் கீழே இருக்கும் தோட்டத்திலிருந்து காலையில் மழையோடு கிளம்பி, தலவாக்கலை வரை ஸ்கூட்டரில் போனாள். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்த ஒரு கடையின் முன்னால் வண்டியை நிறுத்தி, ஹெல்மட்டை வண்டியில் மாட்டி, நனைந்த ரெயின்கோட்டைச் சீட்டுக்கு அடியில் திணித்துவிட்டு ரயில் ஏறினாள். பின்னேரம் திரும்பி வந்தபோது கடை அப்படியே பூட்டித்தான் கிடந்தது. வண்டியைக் காணவில்லை.

பொலிஸில் முறைப்பாடு எழுதிய சார்ஜன்ட், சீட்டுக்கு அடியில் என்னென்ன இருந்தது என்று சிங்களத்தில் கேட்டார். மஞ்சள் ரெயின்கோட் ஒன்று, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் புள்ளிப் புத்தகம் ஒன்று என்றாள். இன்னொன்றும் இருந்தது. அதை அவள் சொல்லவில்லை. சார்ஜன்டும் வேறென்ன என்று கேட்கவில்லை.

வண்டிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தது. முறைப்பாட்டின் பிரதி, இரண்டு சாவி, வண்டிப் புத்தகம் எல்லாவற்றையும் ஹட்டனில் இன்சூரன்ஸ் கம்பெனியில் கொண்டுபோய்க் கொடுத்தாள். விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். அவள் பழையபடி பஸ்ஸிலும் நடையிலும் பள்ளிக்கூடம் போய் வந்தாள். அவள் கணவன் அன்டன் தோட்டத்து லொறி டிரைவர். “போனது போயிருச்சு, விடு. புதுசு குடுப்பாங்க” என்று ஒரே பேச்சாகச் சொல்லி முடித்துவிட்டான்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, மரக்கறி விற்க வரும் மூக்கன் வாசலில் கூடையை இறக்கினான். டயகமக்காரன். நாலு வருடம் கொழும்பில் கடையில் நின்றுவிட்டு அப்போதுதான் ஊரோடு வந்திருந்தான்.

“என்னா டீச்சர், முந்தாநேத்து எங்க ரோட்டு வளைவுல பாத்தேன். கையக் காட்டுனேன், நிக்காமப் போயிட்டீங்களே.”

“நானா? நான் டயகம பக்கம் வந்தே நாளாச்சு.”

“என்னாங்க, எனக்குத் தெரியாதா? அதே நீல ஸ்கூட்டர், அதே மஞ்சக் கோட்டு. முன்னுக்குப் பாப்பாவ நிக்க வச்சுக்கிட்டு, செவப்புக் கோட்டு போட்டு... அப்ப பாத்த மாதிரியே இருக்குது பாப்பா.”

யூஜினா கையிலிருந்த பீன்ஸைக் கூடையிலேயே போட்டாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூக்கனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரிதான் அவனைத் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னாள். டீச்சருடைய ஒரே மகள் ஷாமிலா இறந்து மூன்று வருடமாகிறது. மூளைக்காய்ச்சல். ஐந்து வயது. ஒரே வாரத்தில் முடிந்துபோனது.

அந்தச் சிவப்பு ரெயின்கோட்தான் அவள் பொலிஸில் சொல்லாதது. ஷாமிலாவின் உடுப்புகளை எல்லாம் அன்டனின் அக்கா வந்து மூட்டை கட்டி எடுத்துப் போனபோது, சீட்டுக்கு அடியில் இருந்த கோட் யார் கண்ணிலும் படவில்லை. யூஜினா அதை அங்கேயே விட்டுவைத்தாள். அன்டனுக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள். மூன்று வருடமாக, பெட்ரோல் அடிக்கச் சீட்டைத் தூக்கும்போதெல்லாம் விரல் அதில் படும். அவ்வளவுதான்.

வண்டியைத் திருடியவன் கோட்டையும் எடுத்திருக்கிறான். யாரோ அதைத் தம் பிள்ளைக்குப் போட்டிருக்கிறார்கள். இதில் விளங்காதது எதுவும் இல்லை. அவள் டீச்சர், இதைவிடக் கடினமான கணக்கைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துகிறவள். ஆனாலும் அன்று மத்தியானம் அவள் அடுப்புப் பற்றவைக்கவில்லை.

அடுத்த வாரம் காளியாயி வந்தாள். அதே தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். ஷாமிலாவை அடக்கம் செய்த அன்று கூடவே நின்றவள். யூஜினாவின் முகத்தைப் பார்க்காமல் அன்டனிடம் பேசினாள்.

“தம்பி, கோயில்ல ஒரு பூசை வைங்க. புள்ள அமைதியா இல்ல.”

“என்னா அக்கா சொல்றீங்க?”

“எங்க மக வீட்டுக்கு டயகம போயிட்டு வந்தேன். மூடுபனிக்குள்ளருந்து ஸ்கூட்டர் வந்துச்சு. ஒங்க சம்சாரம் ஓட்டுது, புள்ள முன்னுக்கு நிக்குது. சாமி சத்தியமா அந்தப் புள்ளதான். என்னயப் பாத்துச்சு.”

அன்டன் தலையைக் குனிந்துகொண்டு, “பாத்துக்கிறேங்க” என்று மட்டும் சொன்னான். ஸ்கூட்டர் அங்கே ஓடுகிறதென்றால் போய்ப் பிடிப்போம் என்று அவன் குதிப்பான் என யூஜினா எதிர்பார்த்தாள். அவன் குதிக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து லோஜன் என்ற அதிகாரி வந்தது அதற்குப் பிறகு. நல்ல மரியாதையான ஆள். ஃபைலை முழங்காலில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

“மிஸ், கோவிச்சுக்காதீங்க. வண்டி களவு போச்சுன்னு எழுதியிருக்கீங்க. ஆனா அதுக்குப் பொறகும் ஒங்கள அதே வண்டியில பாத்ததா டவுன்ல ரெண்டு மூனு பேர் சொல்றாங்க. இப்பிடி இருந்தா கிளெய்ம் நின்டுரும்.”

“அது நான் இல்ல.”

“சின்னப் புள்ள ஒன்னும் கூட இருந்துச்சாம். ஒங்களுக்குப் புள்ளைங்க இருக்கா, மிஸ்?”



“இருந்துச்சு” என்றாள்.

லோஜன் பேனாவை மூடினார். சுவரில் இருந்த படத்தை அப்போதுதான் பார்த்தார். நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போய், சொல்லப்பட்ட நாட்களில் அவள் கையெழுத்து வருகைப் பதிவேட்டில் இருக்கிறதா என்று அதிபரிடம் பார்த்துவிட்டுப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டாள்.

அந்தச் சனிக்கிழமை யூஜினா யாரிடமும் சொல்லாமல் டயகம பஸ்ஸில் ஏறினாள். வண்டியைக் கண்டுபிடிக்கத்தான் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நம்பரைக் குறித்துக்கொள்ளப் பையில் பேனாவும் துண்டுக் காகிதமும் இருந்தன. மூக்கன் சொன்ன வளைவில் இறங்கி, ஒரு தேத்தண்ணிக் கடையின் தாழ்வாரத்தில் நின்றாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. எதிர்த்த மலையைப் பனி மூடியிருந்தது. ஒன்றரை மணி நேரம் நின்றாள்.

முதலில் சத்தம்தான் கேட்டது. ஏற்றத்தில் இரண்டு தரம் இருமிவிட்டுப் போகும் அவளுடைய வண்டிச் சத்தம். பிறகு மஞ்சள். அதற்கு முன்னால் சிவப்பு. சிறுமி இரண்டு கண்ணாடித் தண்டுகளையும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தொப்பி நெற்றியை மறைத்திருந்தது. ஷாமிலாவும் அப்படித்தான் பிடிப்பாள். எத்தனை முறை திட்டினாலும் விடமாட்டாள்.

யூஜினாவின் கை தானாக எழுந்து ஆடியது.

ஓட்டி வந்தவள் இவளைப் பார்த்து, பழகிப்போனவள் போல லேசாகக் கையைத் தூக்கிக் காட்டினாள். பிள்ளை திரும்பிப் பார்த்தது. வண்டி வளைவில் மறைந்தது. துண்டுக் காகிதம் பைக்குள்ளேயே இருந்தது. நம்பர் பிளேட்டைப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை.

திங்கட்கிழமை லோஜன் கோல் எடுத்தார். “பள்ளிக்கூடத்துல எல்லாம் சரியா இருக்கு, மிஸ். கடைசியா ஒன்னு கேக்கணும். வண்டியப் பத்தி வேற எதாவது தகவல் கெடச்சுச்சா?”

“இல்ல” என்றாள் யூஜினா.

பொய் அவ்வளவு இலேசாக வந்தது அவளுக்கே பயமாக இருந்தது.

ஒரு மாதத்தில் கிளெய்ம் சரியாகி, புது ஸ்கூட்டர் வந்தது. சாம்பல் நிறம். அன்டன் ஹட்டனுக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்து, ஹேண்டிலில் மல்லிகைச் சரம் சுற்றி நிறுத்தினான். அவள் சீட்டைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே புது ரப்பர் வாசனை மட்டும் இருந்தது. மூடிவிட்டு உள்ளே போனாள்.

அவள் அதை ஓட்டவில்லை. முழங்கால் வலிக்கிறது என்றாள், மழை என்றாள். இரண்டு வாரமாகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனாள். வகுப்பில் பாடம் நடத்தும்போது வெளியே ரோட்டில் ஏதாவது வண்டி இருமினால் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிடுவாள். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். வீட்டில் ஒருநாள் இரண்டு பேருக்குச் சோறு போடும் இடத்தில் மூன்று தட்டு எடுத்து வைத்தாள். அன்டன் அதைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டான்.

அடுத்த நாள் பின்னேரம், லொறியை விட்டுவிட்டு வந்தவனிடம் அவள் சொன்னாள்.

“நான் அந்தப் பொம்பளய பாத்தேன். ஸ்கூட்டர்ல. புள்ளயயும் பாத்தேன். இன்சூரன்ஸ்காரர்கிட்ட இல்லன்னு சொல்லிட்டேன்.”

அவன் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒன்றைக் கழற்றி முடித்து, மற்றதில் கை வைத்தபடி இருந்தான்.

“நானும் பாத்தேன்” என்றான்.

“எப்ப?”

“மூக்கன் வந்து சொன்னானே, அதுக்கும் முன்னால. ஃபெக்டரி சாமான் ஏத்தப் போனப்ப, பாலத்துக்கிட்ட. லொறிய ஓரமா நிப்பாட்டிட்டேன். ஹோர்ன் அடிக்கக்கூட கை வரல.”

“ஏங்க சொல்லல?”

“சொன்னா போயிப் புடிக்கணுமே, யூஜினா. புடிச்சிட்டா அப்பறம் அது வேற யாரோ புள்ள ஆயிருமே.”

மூன்று வருடத்தில் அன்றுதான் இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். அதுவரை அவன் லொறிக்குள்ளும் இவள் பள்ளிக்கூடக் கழிவறையிலும் தனித்தனியாக அழுதிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் புது ஸ்கூட்டரில் டயகமவுக்குப் போனார்கள். அன்டன் ஓட்டினான். ஸ்கூட்டர் வைத்திருக்கிற பொம்பளை என்று கடையில் கேட்டதும், மேல் டிவிஷன் லயத்து வீடுகளின் பக்கம் கையைக் காட்டினார்கள். மூன்றாவது காம்பரா வீட்டின் முன்னால் சாக்குப் போட்டு மூடியபடி வண்டி நின்றது.

கதவைத் திறந்தவளுக்கு முப்பது வயது இருக்கும். யூஜினாவைப் பார்த்ததும் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்கதானுங்களே டீச்சரு?”

அவள் பெயர் நாகலெட்சுமி. கணவன் கொழும்பில் மேசன் வேலை. தலவாக்கலையில் ஒரு புரோக்கரிடம் வண்டியை வாங்கிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, புத்தகம் பிறகு வரும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். பிள்ளை போகும் நேசரிப் பள்ளி மூன்று மைல் தள்ளி. பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு அவள் கொழுந்து எடுக்கப் போக வேண்டும்.

“மொத நாள்லருந்தே ஆளுங்க டீச்சர் டீச்சர்னு கையக் காட்டுறாங்க. நானும் காட்டிட்டுப் போயிருவேன். போன மாசம் ஒரு அம்மா, நான் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கிட்ட நிப்பாட்டுனப்ப வந்து, புள்ள தலயத் தொட்டுட்டு, அய்யோன்னு கத்திட்டு ஓடிருச்சு. அப்பறந்தான் விசாரிச்சேன்.” அவள் வண்டியை மூடியிருந்த சாக்கைப் பார்த்தாள். “தெரிஞ்ச பொறகும் ஓட்டுனேங்க. பயந்து பயந்து ஓட்டுனேன். புள்ளைக்கு ஒன்னு ஆயிருமோன்னு ராவுல எந்திரிச்சு மூக்குல கை வச்சுப் பாப்பேன்.”

சிறுமி உள்ளே இருந்து வந்தாள். கோட்டைப் போட்டிருந்தாள், வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கிட்ட இருந்து பார்த்தபோது அவளுக்கும் ஷாமிலாவுக்கும் ஒரு பொருத்தமும் இல்லை. முகம் வட்டம், முன்பல் ஒன்று விழுந்திருந்தது.

“ஒங்க பேர் என்ன?”

“டிலுக்ஷி.”

நாகலெட்சுமி பிள்ளையின் மேலிருந்து கோட்டைக் கழற்றி, தண்ணீரில் அலசித் துடைத்து, மடித்து நீட்டினாள். பிள்ளை ஓவென்று கத்தியது. பரவாயில்லை, அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று யூஜினா சொல்லியிருக்கலாம். அன்டன்கூட அவள் அப்படிச் சொல்வாள் என்று நினைத்திருப்பான் போல, அவள் முகத்தையே பார்த்தான். அவளால் முடியவில்லை. இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். லயத்துப் படி இறங்கி ரோட்டுக்கு வரும்வரை பிள்ளையின் அழுகை கேட்டது.

மறுநாள் நாகலெட்சுமியும் அவர்களுமாகப் பொலிஸுக்குப் போனார்கள். அவளாகவே வந்து சொல்லிவிட்டால் திருட்டு அவள் புருஷன் தலையில் விழாது என்று அன்டன்தான் யோசனை சொன்னான். பொலிஸார் வண்டியை வாங்கி உள்ளே நிறுத்தினார்கள். கணவனைக் கொழும்பிலிருந்து கூப்பிட்டு வாக்குமூலம் எடுத்தார்கள். அவன் சொன்ன புரோக்கரின் போன் அணைந்தே கிடந்தது.

யூஜினா லோஜனுக்குக் கோல் எடுத்து, வண்டியை எந்தத் தேதியில் பார்த்தாள், எந்தத் தேதியில் அவரிடம் தகவல் இல்லை என்று பொய் சொன்னாள் என்பதை ஒளிக்காமல் சொன்னாள். “எழுதித்தான் ஆகணும், மிஸ்” என்றார்.

“எழுதுங்க.”

இரண்டு மாதம் கடிதங்கள் வந்து போயின. களவு போனது உண்மை என்பதால் புது வண்டி அவளிடமே இருக்கலாம், பழையதைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும் என்று முடிவானது. தெரிந்ததை மறைத்ததற்கு ஒரு கண்டிப்பான கடிதமும் கூடவே வந்தது. அதை அவள் கிழிக்கவில்லை.

சிவப்புக் கோட்டை அலுமாரியில் வைத்திருந்தாள். மழை பெய்கிற காலைகளில் மூன்று மைல் நடந்துபோகும் ஒரு பிள்ளையின் நினைப்பு அவளை விடவில்லை. ஹட்டனில் ஒரு கடையில் ஏறி, பச்சையில் பூப் போட்ட சிறுவர் ரெயின்கோட் ஒன்றைக் கேட்டாள்.

“எத்தன வயசுக்கு, மிஸ்?”

“எட்டு.”

கடைக்காரர் பொதி செய்து கொடுத்ததை அப்படியே டயகம பஸ் கண்டக்டர் கையில் அனுப்பிவைத்தாள். அடுத்த நாள் நாகலெட்சுமி போனில் பேசினாள்.

“டீச்சர், கோட்டு வந்துச்சுங்க. நல்லாயிருக்கு. ஆனா புள்ளைக்கு ரொம்பப் பெருசுங்க, கால்ல தடுக்குது. இன்னும் மூனு வருசம் போகணும்.”

யூஜினா போனைப் பிடித்தபடி நின்றாள். மூன்று வருடம். ஷாமிலாவின் ஐந்தும் அந்த மூன்றும் எட்டு.

“டீச்சர்? இருக்கீங்களா?”

“இருக்கேன். டிலுக்ஷி பக்கத்துல நிக்கிதா?”

“நிக்கிதுங்க.”

“நேரா நிக்கச் சொல்லுங்க. தோள்லருந்து முழங்காலுக்குக் கீழ வரைக்கும் சாண் வச்சு அளந்து சொல்லுங்க.”

போனில் அந்தப் பக்கம் பிள்ளைக்குக் கூச்சம் எடுத்துச் சிரிக்கும் சத்தமும், ஆடாத, ஆடாத என்று தாய் அதட்டுவதும் கேட்டது.

“மூனு சாண், நாலு வெரலுங்க டீச்சர்.”

யூஜினா கொப்பி அட்டையில் எழுதிக்கொண்டாள்.