டவருக்குக் கட்டிய பூசணிக்காய்

டவர் உச்சியில் வேல்சாமி நட்டைத் திருகத் திருக, கீழே மெஷின் அறைக்குள் இன்ஜினியர் மீட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து இதே கதைதான். வாசலில் கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்து, தன் முறைக்காகக் காத்திருந்தான் ராக்கப்பன்.

செல்போன் என்ற பேச்சே இராஜபாளையத்துக்குப் புதிதாக இருந்த தொண்ணூற்றெட்டாம் வருஷம் அது. மறுநாள் திறப்பு விழா. ஊரின் பெரிய மில் முதலாளி ஒருவர்தான் முதல் பேச்சைப் பேசப் போகிறார். அதற்குள் இந்த டவரில் மாட்டிய வெள்ளை டிஷ்ஷும் ஸ்ரீவில்லிபுத்தூர் டவரில் இருக்கும் அதன் ஜோடியும் ஒன்றின் சிக்னலை மற்றொன்று பிடித்துக்கொண்டாக வேண்டும். பிடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தன.

ராக்கப்பன் பஞ்சாலையில் வேலை பார்த்தவன். ஆலையை மூடிய பிறகு இந்த வேலைக்கு வந்தான். பொட்டல்காட்டில் குழி தோண்டியதிலிருந்து உச்சியில் சிவப்பு விளக்கு மாட்டியதுவரை, அவன் கை படாத இரும்பு அந்த டவரில் கிடையாது. டவுன் பஸ்ஸில் போகிறவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தால் போதும், பக்கத்தில் இருப்பவர் யார் எவர் என்று பார்க்காமல், "அது நாங்க ஏத்துனது" என்று சொல்லிவிடுவான். சொல்லாமல் இருக்க அவனால் முடியாது. வேலை முடிந்ததும் அவனையே டவருக்கு வாட்ச்மேனாகப் போடுவதாகக் காண்டிராக்டர் காளிராஜ் வாக்குக் கொடுத்திருந்தார். மாதச் சம்பளம். அவன் மனைவி அய்யம்மாள் தான் வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனி முழுக்க அதைச் சொல்லிவிட்டிருந்தாள்.

காளிராஜ் பொறுமை இழந்து குறுக்கும் நெடுக்கும் நடந்தார். வேல்சாமிதான் டிஷ்ஷைக் கோணலாக மாட்டித் தொலைத்திருப்பான், இன்றோடு அவனுக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிடுகிறேன் என்று இன்ஜினியரிடம் சொன்னார். வேல்சாமிக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது.

"கோணல் மாதிரி தெரியலையே. ரெண்டும் ஒண்ணையொண்ணு நேருக்கு நேர் பாக்கணும். நடுவுல எது நின்னாலும் மறைச்சிரும்" என்றார் இன்ஜினியர். எதிரே மரமோ கட்டிடமோ இருக்கிறதா என்று வாக்கிடாக்கியில் கேட்டார். ஒன்றுமில்லை என்று மேலிருந்து வேல்சாமியின் குரல் வந்தது.

ராக்கப்பன் கயிற்றுச் சுருளிலிருந்து எழுந்து டவர் உச்சியை அண்ணாந்து பார்த்தான்.

டிஷ்ஷை மாட்டி முடித்த அன்று மெயின் ரோட்டில் சைக்கிளை நிறுத்தி நிறுத்தி எத்தனை பேர் அண்ணாந்து பார்த்தார்கள்! கண்ணேறு பட்டால் என்ன ஆகும்? ஒரு சின்ன வீடு கட்டுகிறவன்கூடப் பூசணிக்காய் கட்டுகிறான். இவ்வளவு உயரமான டவருக்கு வேண்டாமா? அய்யம்மாள்தான் சாம்பல் பூத்த பூசணிக்காய் வாங்கி, கரியும் குங்குமமும் குழைத்துப் பூதமுகம் எழுதிக் கொடுத்தாள். இடது கண் பெரிதாகிவிட்டது. மீசையும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. மறுநாள் அவன் அதை மேலே கொண்டுபோய், எல்லார் கண்ணும் விழுகிற இடம் அதுதானே என்று டிஷ்ஷின் முகத்துக்கு முன்னால் நட்டநடுவில் தொங்கவிட்டான். யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. திருஷ்டி கழிக்க யார் யாரிடம் அனுமதி கேட்கிறார்கள்? வெள்ளை டிஷ்ஷின் முன்னால் சாம்பல் காய் தூரத்துக்குத் தெரியவில்லை. பின்பக்கம் நின்று நட்டு முறுக்கிய வேல்சாமிக்கும் தெரிய வழியில்லை.

"நான் ஏறிப் பாக்கேன் சார்" என்று ராக்கப்பன் பெல்ட்டை மாட்டினான். வேல்சாமி முகம் செத்து இறங்கினான்.

உச்சியில் காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. மேற்கே மலை, கீழே ஆலைப் புகைபோக்கிகள், வடக்கே தூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம். இவ்வளவையும் நேருக்கு நேர் பார்க்கும்படி ஒன்றை நிறுத்தியிருக்கிறோம் என்று அந்த நிலையிலும் அவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. டிஷ்ஷைச் சுற்றிக் கையை நீட்டிப் பூசணியை அவிழ்த்தான். அவிழ்த்ததுதான் தாமதம், இடுப்பில் இருந்த வாக்கிடாக்கி அலறியது.

"வந்துருச்சு! சிக்னல் வந்துருச்சு! அப்படியே விடு, எதையும் தொடாதே!"

பின்னால் கருவேலங்காடு. காயை அந்தப் பக்கம் போட்டுவிட்டால் ஒரு குருவிக்கும் தெரியாது. வாட்ச்மேன் வேலை அவனுக்கே. கோணலாக மாட்டியவன் என்ற பேர் வேல்சாமிக்கு. காயை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு அதைத் துண்டில் முடிந்து தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான்.

"இதுதாஞ் சார் மறைச்சது. நாந்தான் கட்டுனேன். வேல்சாமி முறுக்குன நட்டு அம்புட்டும் சரியாத்தான் இருக்கு."

இன்ஜினியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காளிராஜ் சிரிக்கவில்லை. ராக்கப்பனைத் தனியே கூட்டிப் போனார்.

"கம்பெனிக்காரன் காதுக்குப் போச்சுன்னா எம் பொழப்பு போயிரும்ப்பா. நாளையில இருந்து நீ வர வேண்டாம்."

காயை மெஷின் அறை வாசலில் வைத்துவிட்டு ராக்கப்பன் வீட்டுக்குப் போனான்.

மறுநாள் விழா முடிந்ததும் வேல்சாமி ஓடி வந்து சொன்னான். முதலாளி பேசினாராம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தவர் பக்கத்து அறையில் இருந்து பேசுகிற மாதிரிக் கேட்டதாம். சொல்லும்போதே அவன் கண் கலங்கியது. ராக்கப்பனுக்கு நெஞ்சு நிறைந்தது. போன வேலை போகட்டும், பேசியது நம் டவர்தானே என்றிருந்தது.

சாயங்காலம் பேண்டேஜ் கம்பெனியிலிருந்து தலையில் பஞ்சுத் தூசியோடு வந்த அய்யம்மாளை நேரே டவருக்குக் கூட்டிப்போனான். சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது.

"அந்தா பாருட்டி, அந்தக் குறுக்குக் கம்பி. மழையில நின்னு ஏத்துனோம்."

"எம்புட்டு ஒசரம்!" அவள் அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். "செத்த கிட்டப் போயித் தொட்டுப் பாக்கட்டுமா?"

கேட்டில் புது யூனிபாரம் போட்டுக் காளிராஜின் மச்சினன் நின்றான். ராக்கப்பன் யாரென்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"வெளியாளு யாரும் உள்ள வரக் கூடாதுன்னு உத்தரவு. தள்ளி நில்லுங்க."

ராக்கப்பன் ஓர் அடி பின்னால் நகர்ந்தான். அய்யம்மாள் அவன் கையைப் பிடித்தாள். அவள் பார்வை வாட்ச்மேன் தலைக்கு மேலே போயிருந்தது.

"ஏங்க, அது நம்ம காயில்ல?"

கேட்டின் உச்சிக் கம்பியில், மாவிலைத் தோரணத்துக்கு நடுவே, புது நைலான் கயிற்றில் பூசணிக்காய் தொங்கியது. இடது கண் பெரிதாக, மீசை ஒரு பக்கம் தூக்கி, வெளியே நின்ற இருவரையும் அது முறைத்துக்கொண்டிருந்தது.