முன்னுக்கு ஒன்னு, பின்னுக்கு ஒன்னு

புந்தோங்கில் மெக்கானிக் சீனியின் பட்டறை வாசலில் என் மோட்டார் சைக்கிள் இருக்கை கழற்றப்பட்டு, வயரெல்லாம் வெளியே தெரிய நின்றது. ஹெல்மெட்டில் மாட்டும் கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு, அது போதும் என்றுதான் போயிருந்தேன். சீனி அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

“அது வேணாம்லா அண்ணே. மத்தியானத்துக்குள்ள சார்ஜ் தீந்துரும். முன்னுக்கு ஒன்னு, பின்னுக்கு ஒன்னு மாட்டி, வயர பேட்டரியில குடுத்துர்றேன். சாவி போட்டா அதுவா ஓடும். மழைக்கும் தாங்கும். சத்தமும் பதியும்.”

சரி என்றேன். எனக்குத் தேவை ஒரு சாட்சி. போன தடவை சிவப்பு விளக்கில் வந்து என்னை இடித்தவன், சிவப்பில் வந்ததே நான்தான் என்று சாதித்தான். அவன் டை கட்டியிருந்தான். நான் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு போகிறவன். அவன் சொன்னதுதான் எடுபட்டது. கை உடைந்ததும் எனக்கு, பழியும் எனக்கு. இன்னொரு முறை தப்பு என் பேரில் விழுந்தால் வேலை கிடையாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. சுங்காய் பக்கம் நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தை முதலாளி விற்று எங்களை வெளியே அனுப்பியதிலிருந்து எனக்குத் தெரிந்த பிழைப்பு இந்த மோட்டார் ஒன்றுதான்.

வீட்டில் என் மனைவி புனிதா தட்டோடு காத்திருந்தாள். டயருக்கு எலுமிச்சம்பழம், சூடம், பிறகு சந்தனம் குங்குமம். விளக்குக்கு ஒன்று, கண்ணாடிகளுக்கு ஒவ்வொன்று. புதுசாக வந்ததை விடுவாளா? முன் கேமராவின் கண்ணிலேயே கட்டை விரலால் அழுத்திப் பொட்டு வைத்தாள். நம்பர் பிளேட்டுக்குக் கீழே இருந்த பின் கேமரா அவள் கண்ணில் படவில்லை. துடைக்கப் போனேன்.

“வெள்ளிக்கெழம வச்ச பொட்டுங்க. இன்னிக்கே தொடைக்காதீங்க. நாளைக்குத் தொடச்சிக்கலாம்.”

கை உடைந்து கிடந்தபோது எனக்குச் சோறு ஊட்டியவள். ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டேன்.

அன்று மாலையே சாலைச் சந்திப்பில் ஒரு வெள்ளைக் கார் சிவப்பு விளக்கைத் தாண்டி வந்து முன் சக்கரத்தை அடித்துத் தள்ளியது. எழுந்து உட்கார்ந்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. நிம்மதியாக இருந்தது. இந்த முறை சாட்சி இருக்கிறதே! பொட்டைச் சுத்தமாக மறந்துபோயிருந்தேன்.

போலீஸ் நிலையத்தில் என்னையும் புனிதாவையும் கார்க்காரரையும் வைத்துக்கொண்டு சார்ஜன் என் கேமராப் படத்தை ஓடவிட்டார். முன் கேமராவில் மஞ்சளும் சிவப்புமாக ஒரே அப்பல். பின் கேமரா தெளிவாகத்தான் இருந்தது, எனக்குப் பின்னால் கிடந்த காலி ரோட்டைக் காட்டிக்கொண்டு. சத்தம் மட்டும் சுத்தமாகக் கேட்டது. பிரேக், மோதல், கார்க் கதவு திறப்பது. பிறகு ஒரு குரல்.

“சோரி போஸ். சோரி, சோரி.”

என் குரல். சொன்னது எனக்கு நினைவே இல்லை.

சார்ஜன் அதை மறுபடியும் ஓடவிட்டார். தப்பு செய்யாதவன் எதற்கு மன்னிப்புக் கேட்கிறான் என்று மலாயில் கேட்டார். நக்கல் இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். தோட்டத்தில் வேலை வாங்கிய மண்டோர் முதல் மானேஜர் வரை எவன் எதிரே வந்தாலும் முதலில் அந்த வார்த்தையைச் சொல்லிப் பழகிய வாய் இது என்பதை நான் எந்த மொழியில் சொல்ல? வெள்ளைக் கார்க்காரர் தலையை ஆட்டி ஆமோதித்தார். சார்ஜன் எழுத ஆரம்பித்தார். கம்பெனிக்கு அது போதும்.

வெளியே வந்ததும் புனிதா நின்றாள்.

“பொட்டு வச்சது நாந்தான். ஒத்துக்கிறேன். நீங்க ஏன் சோரி சொன்னீங்க?”

“வாய் தவறி வந்துருச்சு.”

“யார்கிட்ட தவறுச்சு, சொல்லுங்க. எங்கிட்ட ஒரு தடவ சொல்லியிருக்கீங்களா?”

அப்போது நிறுத்துமிடத்தில் ஒரு பெரிய கார் எங்களைப் பார்க்காமல் பின்பக்கமாக வந்து, சட்டென்று நின்று, ஹாரன் அடித்தது. நான் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஓரமாகப் போய்விட்டேன். ஒதுங்கிய பிறகுதான் பக்கத்தில் புனிதா இல்லை என்று தெரிந்தது.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். ஹாரன் விடாமல் அடித்தது. அவள் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காரின் பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.