வலி புறப்படாத கால்

2026 ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் நான்கு மணி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், எங்கள் காவடிக் குழுத் தலைவர் பரமேஸ்வரன் வீட்டு முன்னறையில் கூட்டம் கூடியது. தைப்பூசத்துக்குப் பதினான்கு நாள்களே இருந்தன. குழுவின் செயலாளர் நான். என் தங்கை மகன் லோகன், இருபத்தாறு வயதினன், வீங்கிய இடக்காலை நீட்டியபடி என்னருகில் அமர்ந்திருந்தான்.

லோகனுக்கு வலி தெரியாது. சென்ற ஆண்டு பத்துமலையில் அலகு குத்தும்போது அவன் புன்னகைத்துக்கொண்டே நின்றான். கண்டவர்கள் அவன் காலில் விழுந்தார்கள். இவ்வாண்டு நூற்றெட்டு வேல்களுடன் அவனே முன்னே செல்வான் என்று பரமேஸ்வரன் அறிவித்துவிட்டார். பயிற்சி நடையில் மடங்கிய கணுக்காலோடு லோகன் ஐந்து நாள் நடந்திருக்கிறான். முந்தின நாள் கிள்ளானில் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு முறிந்திருப்பது தெரிந்தது. மாவுக்கட்டுப் போட வேண்டும், பத்துமலைப் படியேறினால் கால் ஊனமாகும் என்றார் மருத்துவர். இவனோ, குழுவைக் கேட்டுச் சொல்வதாகக் கூறி வந்துவிட்டான். படத்தை மேசைமேல் வைத்தேன்.

"வீக்கம்தானே ஆன்டி? ஒரு தடவகூட ஆன்னு சொல்லல இவன். முருகன் அருள் லா," என்றார் பரமேஸ்வரன்.

"சொல்ல மாட்டான். அவனுக்குத் தெரிஞ்சாத்தானே சொல்வான்."

மருத்துவர் விளக்கியதை வரிசையாக எடுத்துரைத்தேன். நரம்பு நுனிகளில் நுண்ணிய கதவுகள் உண்டு. சில கடுஞ்சூட்டுக்குத் திறக்கும், சில அழுத்தத்துக்கு. அங்கே எழும் சிறு துடிப்பை, சோடியத்தை உள்ளே விடும் வேறொரு கதவு பெருக்கினால்தான் செய்தி மூளையை நோக்கிப் புறப்படும். லோகனுக்கு அந்தக் கதவு பிறவியிலேயே பழுது.

"டாக்டருங்க ஆயிரம் சொல்வாங்க. நமக்குக் கெடச்ச வரம் ஆன்டி இவன்."

"அதே கதவு மூக்கு நரம்பிலயும் வேணும். அது இல்லாமத்தான் சாம்பிராணி வாசம்கூட தெரியாம வளர்ந்தான். அதுவும் வரமா, பரமேஸ்வரன்?"

அதற்கு லோகன் பதில் சொன்னான்.

"போன வருஷம் வீட்டுல கேஸ் லீக் ஆச்சு, அங்கிள். நான் அதே கிச்சன்ல உக்காந்து மீ கோரேங் சாப்பிட்டுக்கிட்டிருந்தேன்." சிலர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "எல்லாரும் கால்ல விழுந்தப்போ நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நான் எதையும் தாங்கல. தாங்குறதுக்கு எனக்கு ஒண்ணுமே இல்ல, அங்கிள்."

பரமேஸ்வரன் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

முடிவு இதுவே: லோகன் இவ்வாண்டு காவடி எடுக்க மாட்டான், இனி எந்த ஆண்டும் அவனுக்கு அலகு குத்தப்படாது. மறுநாள் காலை எட்டு மணிக்குப் பரமேஸ்வரனே தம் காரில் அவனைக் கிள்ளானுக்கு மாவுக்கட்டுப் போட அழைத்துச் செல்வார். கால் குணமானால், அடுத்த ஆண்டு அவன் பால்குடம் எடுப்பான்.