இரண்டு நீளக் கற்கள்

வெள்ளைக்கரட்டில் எனக்கு ஞாயிற்றுக்கிழமையைக் கழிப்பதுதான் பாடு. மற்ற நாட்களில் டெலிபோன் கம்பத்தில் ஏறி இறங்குவதிலேயே பொழுது போய்விடும். சொந்த ஊர் சாயல்குடிப் பக்கம். போய்வருவதற்குள் லீவு முடிந்துவிடும் என்பதால் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்து, சோறு பொங்கிச் சாப்பிட்டு முடித்தாலும் வெயில் உச்சிக்கு வந்திருக்காது.

தொண்ணூற்றாறாம் வருடம் பொங்கல் முடிந்த கையோடு, நான் குடியிருந்த மாடி அறைக்கு வீட்டுக்காரர் பொங்கியண்ணன் ஏறி வந்தார்.

"ஏனுங்க லைன்மேன், சும்மாதான இருக்கறீங்க? படிக்கட்டு வேலைக்கு வாங்களேன்."

உடனே கிளம்பிவிட்டேன்.

அந்த ஊர் ஒரு கரட்டின் சரிவில் இருக்கிறது. கீழே பஸ் ஸ்டாண்டும் சந்தையும். நடுவில் பெரிய வீதி; தோட்டமும் தறிப்பட்டறையும் வைத்திருக்கிறவர்களின் வீடுகள். உச்சியில் காலனி. அங்கிருந்துதான் காலம்காலமாக வீதிக்காரர்கள் தோட்டத்துக்கு வேலைக்கு ஆள் வரும். இப்போது பாதிப்பேர் பனியன் கம்பெனிக்குப் போகிறார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து காலனிக்குப் போக, பாறையை ஒட்டிப் பின்பக்கமாக ஒரு கல்படி உண்டு. பெரிய வீதியை அது எந்த இடத்திலும் தொடாது. மூன்று வருடம் முன்னால் ஐப்பசி மழையில் அதன் கீழ்ப்பாதி சரிந்துபோனது. யார் யாரோ மனு கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. முள்ளும் பிராந்தி பாட்டிலுமாகக் கிடந்தது. காலனி ஜனங்கள் பெரிய வீதி தார் ரோட்டிலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் படியை நாமே சரிசெய்துவிடலாம் என்று பொங்கியண்ணன் ஆள் சேர்த்தார். வீதியிலிருந்து தறிக்காரர்கள், ஸ்கூல் வாத்தியார் ஒருவர், நான். காலனியிலிருந்து ஆணும் பெண்ணுமாக அதைவிட இரண்டு பங்கு. கல் வேலைக்கு சுந்தரராஜுலு மேஸ்திரி. கூலி யாருக்கும் கிடையாது.

வேலை நன்றாகவே நடந்தது. முள் வெட்டினோம். சரிந்த கற்களைப் புரட்டி எடுத்தோம். கல் இழுப்பதில் கதிரேசன் முன்னால் நிற்பான். காலனியில் ஆட்டோ வைத்திருக்கிற ஒரே ஆள் அவன்.

"ஏனுங் மேஸ்திரி, கடப்பாரைய நல்லாப் போடுங்க. இந்தக் கல்லு உங்க மாமியாராட்டம் எடத்த உட்டு நகர மாட்டீங்குது."

"என்ற மாமியா நகந்துருவாடா. உன்ற ஆட்டோதான் தள்ளுனாத்தான் நகரும்."

"அதுக்குத்தான மேஸ்திரி உங்கள ஓசியில ஏத்தறது. தள்ளறதுக்கு ஆளு வேணுமல்லங்க."

மத்தியானம் பொங்கியண்ணனின் மனைவி பாப்பாயி அம்மா பெரிய அண்டாவில் தக்காளிச் சோறு கொண்டுவருவார். புளியமரத்துக்கு இந்தப் பக்கம் வீதிக்காரர்கள் உட்கார்வார்கள், அந்தப் பக்கம் காலனிக்காரர்கள். அப்படி உட்காரும்படி யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் நான் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

இரண்டாவது லோடு கல் வந்தபோது அதில் இரண்டு கற்கள் மட்டும் தூண் மாதிரி நீளமாக இருந்தன. ஆள் உயரத்துக்கு மேலேயே வரும்.

"இது கைப்பிடிக்கு. மேல வரைக்கும் கொண்டுபோயிருங்க" என்றார் பொங்கியண்ணன்.

கதிரேசனும் இன்னும் சில பேரும் கயிறு கட்டி, மூங்கிலில் தொங்கவிட்டுத் தூக்கினார்கள். பாதி வழியில், மூச்சு வாங்க நிற்கிற மேடை வந்ததும் இறக்கிவைத்துவிட்டார்கள். மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாயிற்று.

அந்த வாரம் புதன்கிழமை, காலனி ரேஷன் கடை போன் ரிப்பேர் என்று புகார் வந்தது. சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். பெரிய வீதி முடிந்து காலனி தொடங்குகிற இடத்தில் ரோட்டிலேயே இரண்டு குழிகள் புதிதாகத் தோண்டியிருந்தன. நல்ல ஆழம். எங்கள் ஆபீசில்தான் கம்பம் நட யாரோ சொல்லியிருக்கிறார்கள், எனக்குத் தகவல் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நடுரோட்டில் கம்பம் நட எந்த மடையன் இடம் குறித்தான் என்று கோபம்கூட வந்தது. சாயங்காலம் பொங்கியண்ணனிடமே கேட்டேன்.

"வீதிக் கடைசியில குழி தோண்டுனது எங்க ஆளுங்களா? எனக்கு ஆர்டர் எதுவும் வரலயே."

அவர் சிரித்துவிட்டார். "உங்க கம்பத்துக்கு இல்லீங்க. கல்லு நடறதுக்கு. அந்த நீளக் கல்லு ரெண்டு இருக்குதல்லங்க?"

"அது கைப்பிடிக்குன்னு சொன்னீங்க?"

"அப்படிச் சொன்னாத்தானுங்க தூக்குவாங்க. கல்லுக்கு நடுவுல ஆளு போலாம், சைக்கிள் போலாம். ஆட்டோ, டெம்போ மட்டும் பூராது. படிதான் வந்துருச்சே, இனி அவிங்களுக்கு ரோடு எதுக்குங்க?"

"அவசரம்னா வண்டி வரவேண்டாமா?"

"கீழ பஸ் ஸ்டாண்டுல நிக்கட்டும். முன்ன அப்படித்தான இருந்துது. ரோடு போடறப்ப நாங்கதானுங்க அவங்கவங்க எடத்த உட்டுக் குடுத்தோம். இப்ப மைக்செட்டு கட்டிக்கிட்டு ஊட்டு வாசலோட போறாங்க. நாம ஒண்ணும் கெடுதல் பண்ணலீங்க. படி கட்டிக் குடுக்கறோம்." குரலில் கோபமே இல்லை. "இருங்க, காப்பி சாப்பிட்டுப் போலாம்."

காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். அறையில் இருப்புக் கொள்ளவில்லை.

முன்னே எப்படி இருந்தது என்பது எனக்கும் தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரியும். படி சரிந்த அதே ஐப்பசியில் கதிரேசனின் மனைவி கயல்விழிக்குப் பிரசவ வலி வந்தது. அப்போது வீதிக் கடைசியில் ஒரு பனங்கட்டை குறுக்கே கிடக்கும். வண்டி வராது; காலனி ஆட்கள் வீதி வழியாக நடப்பதும் அப்போது வழக்கமில்லை. கயிற்றுக் கட்டிலில் வைத்து, அந்தச் சரிந்த படி வழியாகவே மழையில் இறக்கினார்கள். இறக்குவதற்கே வெகுநேரம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் தாயும் போய்விட்டாள், வயிற்றில் இருந்த பிள்ளையும் போய்விட்டது. அதற்கடுத்த நாள் பனங்கட்டை அங்கே இல்லை. யார் எடுத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் கதிரேசன் ஆட்டோ வாங்கினான்.

இப்போது அவன் தங்கை அன்புச்செல்வி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒன்பதாம் மாதம்.

மறுநாள் ஆட்டோ ஸ்டாண்டில் கதிரேசனைப் பார்த்துக் குழி எதற்கென்று சொன்னேன். அவன் துணியை எடுத்து ஆட்டோவின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

"அந்தக் கல்ல நாந்தானுங்க தூக்குனேன்" என்றான். "தோள்பட்டை இன்னும் வலிக்குது."

"போலீசுல, கலெக்டர் ஆபீசுல எதுனா எழுதிக் குடுக்கலாம்."

"குடுக்கலாமுங்க. அவிங்க வந்து பாக்கறதுக்குள்ள அன்புக்குப் பொறக்கற புள்ள ஸ்கூலுக்குப் போயிரும்." துணியை உதறினான். "ஞாயித்துக்கெழம வாரீங்கல்ல?"

"வர்றேன்."

அந்த ஞாயிறுதான் கடைசி நாள் வேலை. படி முடிந்து, பூச்சு மட்டும் பாக்கி. கதிரேசன் குளித்து வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தான். கையில் தட்டு; அதில் மஞ்சள், குங்குமம், தேங்காய். அன்புச்செல்வி மேலேயிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்து மேடையில் உட்கார்ந்தாள்.

"ஏம்மிணி, இந்த மாசத்துல படி எறங்கோணுமா?" என்றார் பாப்பாயி அம்மா.

"எறங்கிப் பழகிக்கறேனுங்க. எப்ப எறங்க வேண்டி வருமோ" என்றாள் அவள், சிரித்துக்கொண்டே. பொங்கியண்ணன் அவளைப் பார்க்கவில்லை.

கதிரேசன் கை கூப்பினான். "எல்லாரும் இருக்கறப்பவே ஒண்ணு கேட்டுக்கறேனுங்க. கயலுக்கு நாங்க இன்னும் சுமைதாங்கி வெக்கலீங்க. கல்லு அமையல. இங்க ரெண்டு நீளக் கல்லு சும்மா கெடக்குது. குடுத்தீங்கன்னா இந்த மேடையிலயே நட்டுப்போடுவமுங்க."

பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணுக்குச் சுமைதாங்கி வைப்பது எங்கள் பக்கமும் உண்டு. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கப் போடுவார்கள். தலைச்சுமையோடு வருகிறவர்கள் அடுத்த ஆள் துணையில்லாமல் சுமையை அதில் இறக்கி இளைப்பாறலாம். அவள் இறக்கிவைக்க முடியாமல் போன சுமை அப்படித் தீரும் என்பது நம்பிக்கை. நட்ட பிறகு அதைப் பிடுங்க எவனுக்கும் கை வராது.

"அது வேற சோலிக்கு வாங்குனது கதிரேசா" என்றார் பொங்கியண்ணன்.

"என்ன சோலிக்குங்க?"

வாத்தியார் தண்ணீர் குடிக்கப் போனார். தறிக்காரர்கள் சிமென்ட் கலவையைக் கிளறினார்கள். என்னிடம் காப்பி கொடுத்துச் சொன்னதை அவர் இங்கேயும் சொல்லலாம். சொல்லுவார் என்றுதான் நினைத்தேன். காலனிப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கைப்பிடிக்குன்னுதானுங்க சொன்னீங்க?" என்றார் பாப்பாயி அம்மா.

"ஆமா, கைப்பிடிக்குத்தான்."

"கைப்பிடிக்குப் பைப்பு போதுமுங்க" என்றார் மேஸ்திரி, கரணையில் ஒட்டிய சிமென்ட்டை வழித்துக்கொண்டே.

"அப்பறம் என்னங்க?" பாப்பாயி அம்மா புருஷனை நேராகப் பார்த்தார். "புள்ளையோட போனவளுக்குக் கேக்கறாங்க. இல்லைன்னு சொல்லிப்போடாதீங்க. நம்ம ஊட்டுலயும் மருமவ முழுகாம இருக்கறா."

குழி விஷயம் அந்த அம்மாவுக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பொங்கியண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "செரி, நட்டுக்கங்க."

மத்தியானத்துக்குள் நட்டுவிட்டார்கள். மேலே போட, மிஞ்சிய படிக்கல் ஒன்று சரியாக இருந்தது. கதிரேசன் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தான். தேங்காய் உடைத்தான். கயல் பேரைச் சொல்லிக் கும்பிட்டான். முதல் சுமையாக எதை வைப்பது என்று பார்த்தபோது, பாப்பாயி அம்மா தன் காலி அண்டாவைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தார். அன்றைக்கும் சாப்பிட்டது மரத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகத்தான்.

இதோடு முடிந்துவிடவில்லை. குவாரியில் கல்லுக்குப் பஞ்சமா? சொல்லிவிட்டால் அடுத்த நாளே வந்து இறங்கும். குழிகள் அப்படியே இருந்தன. கதிரேசன் சாரப் பலகை இரண்டை அவற்றின்மேல் போட்டு ஆட்டோவை ஓட்டினான். காலையில் பார்த்தால் பலகையை யாராவது ஓரமாக எடுத்துப் போட்டிருப்பார்கள். இவன் இறங்கி மறுபடி போடுவான். தினமும் இதே கதை.

பொங்கியண்ணன் என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஒருநாள் மரியாதையாகவே சொன்னார். "பங்காளி பையன் ஒருத்தன் படிக்க வாரானுங்க. ரூமு வேணும். அவசரமில்லீங்க, அடுத்த மாசம் பாத்துக்கோங்க."

"சரிங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

மாசி மாதம் ஒரு பிற்பகல். வீதிக் கடைசிக் கம்பத்தில் ஏறி லைன் பார்த்துக்கொண்டிருந்தேன். காலனிப் பக்கமிருந்து ஆட்டோ ஹார்ன் விடாமல் அடித்துக்கொண்டு வந்தது. பின்னால் அன்புச்செல்வி, இரண்டு பெண்கள் மேல் சாய்ந்து கிடந்தாள். குழிகளின்மேல் பலகை இல்லை. கதிரேசன் குதித்து இறங்கி ஓரத்தில் தேடி ஒரு பலகையைப் போட்டான். மற்றதை இழுத்துப் போட்டபோது அது பாதிதான் உட்கார்ந்தது. நான் கம்பத்திலிருந்து அவசரமாக இறங்க ஆரம்பித்தேன்.

நான் பாதி இறங்குவதற்குள் பொங்கியண்ணன் வந்துவிட்டார். சாப்பிட்ட எச்சில் கையோடு, செருப்புக்கூடப் போடாமல், வாசலிலிருந்து ஓடிவந்தார்.

"வண்டிய எடுறா நீ. எடு."

பலகையின் நுனியைக் காலால் மிதித்து அழுத்திக்கொண்டார்.

"மெல்ல... மெல்ல. குழி இருக்குது."

ஆட்டோ அவர் பாதத்துக்குப் பக்கத்திலேயே உரசிக்கொண்டு போனது. வீதியில் மஞ்சள் காயவைத்திருந்தவர்கள் சாக்கை இழுத்துவிட்டு வழி கொடுத்தார்கள். ஆட்டோ திரும்பிச் சந்தைப் பக்கம் இறங்கியது. சத்தம் அடங்குகிறவரை அவர் பலகைமேலேயே நின்றுகொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க லைன்மேன். கம்பம் நடறேன்னு குழியத் தோண்டிப்போட்டு அப்படியே உட்டுட்டீங்களே. ஆராச்சும் உழுந்து காலக் கீல முறிச்சுக்கிட்டா உங்க ஆபீசுதானுங்க பதில் சொல்லோணும்."

கம்பத்தின் பாதியில் நின்றபடி அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பார்வையை மாற்றவில்லை.

"தப்புத்தாங்க. இப்பவே மூடிடறேன்" என்றேன்.

"மம்பட்டி நம்மூட்டுல இருக்குது, எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.