நர்சம்மாவின் ஞாயிற்றுக்கிழமை

"நீ மேடையில நின்னு போட்டோவுக்குப் பல்லைக் காட்டுவே. நான் வீட்டுக்குள்ள உக்காந்து அப்பாவுக்கு டயப்பர் மாத்தணும். அப்படித்தானே?"

"மாத்தினாத்தான் என்னக்கா? எனக்கு மட்டுமா அவரு அப்பா?"

"நர்சம்மாவுக்கு விழா எடுக்கணும்னு முதல்ல சொன்னதே நான்தான்டா. நான் இல்லாம ஷீல்டை யாரு குடுக்கிறது?"

அக்காவும் தம்பியும் மூன்றாவது மாடியில் போட்ட சத்தம் தெருவில் நின்ற காய்கறி வண்டி வரைக்கும் கேட்டது. நான் எதிர்வீடு. காதைத் தீட்டவேண்டிய அவசியம் எனக்கு இல்லை. இருந்தாலும் வாசலில் செருப்புகள் தாறுமாறாகக் கிடந்தன. சண்டை முடியும் வரை அவற்றை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். அவர்களுடைய அப்பா ஓவர்சியராக இருந்து ஓய்வுபெற்றவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு பாதி போய்விட்டது, கோபம் மட்டும் முழுசாக இருக்கிறது. அவரைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி அனுப்பிய பெண்தான் நர்சம்மா. நர்ஸுக்குப் படித்தவள் இல்லை. அது எங்கள் குடியிருப்பு கொடுத்த பட்டம். தம்பியின் வீட்டிலேயே தங்கி, பெரியவரின் உடம்பைத் துடைத்து, முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்து, மிக்சியில் அடித்த சாப்பாட்டை அவர் துப்பத் துப்ப ஊட்டி, துப்பியதையும் துடைத்து, அவர் திட்டுவதற்கு "சரிங்கய்யா" சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை லீவு.

கேட்கும்போதெல்லாம் தம்பி உருகிப்போவான். அவள் இல்லாவிட்டால் அப்பா ஒரு வாய் சாப்பிடமாட்டார் என்பான். அக்கா இன்னும் ஒரு படி மேலே போய், "நீ எங்க வீட்டுப் பொண்ணு. வீட்டுப் பொண்ணு எங்கேயாவது லீவு கேக்குமா?" என்று கன்னத்தைத் தடவுவாள். அசல் வீட்டுப் பெண்ணான அக்கா இருப்பது அடுத்த தெருவில். எப்போதாவது ஒரு பை நிறையப் பழத்தோடு வந்து, நர்சம்மாவை நறுக்கச் சொல்லி, தானே சாப்பிட்டுவிட்டு, அப்பா மெலிந்துவிட்டாரே என்று வருத்தப்பட்டுவிட்டுப் போவாள்.

ஞாயிற்றுக்கிழமை எதற்கு என்று அவர்கள் கேட்டதில்லை. நான் கேட்டேன், ஆனால் அவளிடம் இல்லை. நர்சம்மா வந்ததிலிருந்து எங்கள் லிஃப்ட்டுக்கு உடம்பு சரியில்லை. வாரம் தவறாமல் மூன்றாவது மாடியில் வந்து நின்றுவிடும். மெக்கானிக் வருவான், பெட்டியைத் திறந்து வைப்பான், ஸ்குரூடிரைவர் அது பாட்டுக்குக் கிடக்கும், அவன் நர்சம்மாவோடு பேசிக்கொண்டிருப்பான். எண்ணெய் சரியாகப் போடுகிறாயா என்று ஆரம்பித்து ஒரு டம்ளர் டீயில் முழுக் கதையையும் கறந்துவிட்டேன். அவனுக்கு வெளியூரில் நல்ல வேலை கிடைத்திருந்தது. போவதற்குள் கல்யாணத்தை நிச்சயம் செய்துவிட வேண்டும். அவனுடைய அம்மாவோ பெண்ணை நேரில் பார்த்துப் பேசாமல் சரி சொல்லமாட்டாள். முட்டிவலியால் அவள் பஸ் ஏறுவதில்லை, மற்ற நாளெல்லாம் பக்கத்துத் தெருவில் சமையல் வேலை என்பதால் வீட்டில் இருப்பதும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். வாரம் தள்ளிப்போகப் போக, "வர மனசு இருந்தா வந்திருப்பா" என்று அந்த அம்மா வேறு இடம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டாளாம்.

இந்த நேரத்தில்தான் எங்கள் சங்கச் செயலாளருக்கு விழா ஆசை வந்தது. போன வருஷம் தண்ணீர்த் தொட்டி கழுவியதற்கே திறப்பு விழா வைத்த மனிதர். இந்த வருஷம் வீட்டில் இருந்து நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்களைக் கௌரவிக்க வேண்டுமாம். ஷீல்டு நர்சம்மாவுக்கு. நாள், வேறென்ன, ஞாயிற்றுக்கிழமை.

அவள் மேடைக்குப் போனால் அப்பாவின் பக்கத்தில் யார் என்பது ஷீல்டுக்கு ஆர்டர் கொடுத்த பிறகுதான் உறைத்தது. அதில் வந்ததுதான் மேலே சொன்ன சண்டை. செயலாளர் வந்து தீர்த்துவைத்தார்: அப்பாவையும் சக்கர நாற்காலியில் கீழ்த்தள ஹாலுக்குக் கொண்டுவந்துவிடலாம். யார் தள்ளுவது என்று யாரும் கேட்கவில்லை. விழா நாயகிதான் தள்ளினாள்.

அன்று லிஃப்ட் சமர்த்தாக இறங்கியது. மெக்கானிக் இஸ்திரி போட்ட சட்டையோடு ஹாலின் கடைசி வரிசையில் நின்றான்.

தம்பி நன்றாகப் பேசினான், குறை சொல்லக் கூடாது. "நர்சம்மா எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி இல்ல, எங்க வீட்டுப் பொண்ணேதான்" என்றபோது அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செயலாளர் நர்சம்மாவை மேடைக்குக் கூப்பிட்ட அதே நேரத்தில் ஓவர்சியர் இடது கையால் நாற்காலியைத் தட்டினார். பாத்ரூம் போகவேண்டும் என்று அர்த்தம். நர்சம்மா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு ஓடினாள்.

போட்டோக்காரன் அடுத்த விழாவுக்குப் போகவேண்டியவன். எத்தனை நேரம் காத்திருப்பான்? ஆகவே தம்பி ஷீல்டைக் கொடுத்தான், அக்கா வாங்கினாள். வெளிச்சம் போதவில்லை என்று அவன் சொன்னதால் இன்னொரு தரம் வாங்கினாள். இரண்டாவது தரம் இன்னும் அடக்கமாகச் சிரித்தாள்.

நர்சம்மா ஈரக்கையோடு திரும்பி வந்தாள். செயலாளர், மனதில் தோன்றுவதைச் சொல்லுங்கள் என்று மைக்கை நீட்டினார். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"சார் என்னை வீட்டுப் பொண்ணுன்னு சொன்னாரு. சந்தோஷம். அக்காவும் வீட்டுப் பொண்ணுதான். அவங்களுக்கு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சினிமா இருக்கு, கடை இருக்கு. எனக்கும் அந்த ஞாயித்துக்கிழமை வேணும்."

ஓவர்சியர் மறுபடியும் நாற்காலியைத் தட்டினார். பாத்ரூம்தான் என்று நினைத்து எல்லாரும் நர்சம்மாவைப் பார்த்தார்கள். அவர் மகனைப் பார்த்து, "குடு...டா" என்றார்.

யாரோ கைதட்டினார்கள். நான்தான் என்று அக்கா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஹால் முழுக்கத் தட்டிய பிறகு தம்பிக்கு வேறு வழி இல்லை. "அதுக்கென்ன, தாராளமா எடுத்துக்கங்க" என்றான், மைக் இல்லாமல்.

"இன்னிக்கும் ஞாயித்துக்கிழமைதான் சார்."

சொல்லிவிட்டு நாற்காலியின் கைப்பிடியை அக்காவின் கையில் வைத்தாள். பெரியவரின் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். என்னவென்று எனக்கே கேட்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மெக்கானிக் வாசலில் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான். ஒரு கையில் ஷீல்டு, ஒரு கையில் அப்பா என்று அக்கா லிஃப்ட்டுக்கு நின்றது போட்டோவில் விழாமல் போனதில் எனக்கு வருத்தம்தான்.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டில் ஊட்டும் சத்தமும் துப்பும் சத்தமும் மாறி மாறிக் கேட்டன. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் யார் முறை என்று அக்காவுக்கும் தம்பிக்கும் நடந்த சண்டையில் எங்கள் மாடிக்கு வேறு பொழுதுபோக்கே தேவைப்படவில்லை.

மெக்கானிக்கின் அம்மாவுக்குப் பெண்ணைப் பிடித்துப்போனது. கல்யாணமும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், அன்றைக்குத்தானே அவளுக்கு லீவு. இருவரும் வெளியூர் போய்விட்டார்கள். அங்கேயும் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாளாம். லீவைப் பேசி முடித்த பிறகுதான் வேலைக்குச் சேர்ந்தாளாம். தம்பி மாற்றல் வாங்கிக்கொண்டு தூரமாகப் போனான். ஓவர்சியர் அக்கா வீட்டுக்குப் போனார், ஷீல்டும் கூடவே போனது. அங்கே வந்த புதுப் பெண் முதல் நாளே லீவு கேட்டதும் பெரியவர் நாற்காலியைத் தட்டினாராம்.

எங்கள் லிஃப்ட் அதன் பிறகு ஒரு நாளும் நிற்கவில்லை.